அயர்லாந்தின் வடிசாலைகளும் கடலோரமும்: சிறு குழுவாகச் சுற்றிவர ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்துக்குப் போய் விஸ்கி வடிசாலைகளையும் பீர் ஆலைகளையும் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்கு ஓர் ஆலை போதும். முதல் முறை போனபோது ஒரே நாளில் மூன்று இடங்களுக்கு முன்பதிவு செய்திருந்தோம். மூன்றாவது இடத்துக்குப் போவதற்குள் நாக்கும் காதும் களைத்துவிட்டன. வழிகாட்டி சொன்ன எதுவும் மனத்தில் தங்கவில்லை. நடுவே கடந்துபோன பச்சை வயல்களையும் ஏரிகளையும் யாரும் பார்க்கவே இல்லை.

விஸ்கி என்ற சொல் ஐரிஷ் மொழியில் 'உயிர்நீர்' என்று பொருள்படும் 'இஷ்கெ பாஹா' என்பதிலிருந்து வந்தது. பார்லி, தண்ணீர், மரப் பீப்பாய், காலம் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அது. மழை விழும் வயலையும் ஆற்றையும் பார்த்துவிட்டு ஆலைக்குள் நுழைகிறவருக்கு அந்தக் கோப்பை வேறு மாதிரி ருசிக்கும். ஆகவே கீழே நான் தரும் திட்டத்தில் பாதி நேரம் ஆலைக்கு வெளியேதான்.

1. எத்தனை பேர், யார் ஓட்டுவது

ஆறு அல்லது ஏழு பேர் சரியான எண்ணிக்கை. அயர்லாந்தில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய வண்டியில் ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேர் வரை உட்காரலாம். ஆனால் எட்டுப் பேரும் பெட்டிகளோடு ஏறினால் மூச்சுவிட இடமிருக்காது. கிராமத்துப் பப்பில் ஒரு மேசையைச் சுற்றி ஏழு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். பத்துப் பேர் போனால் இரண்டு கூட்டமாகப் பிரிய வேண்டிவரும்.

ஓட்டுநர் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அயர்லாந்துக் குடியரசில் சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் உச்ச வரம்பு. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் அது 20 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றுமே குடிக்கக் கூடாது. ஊர்ச் சாலைகள் குறுகலானவை, இருபுறமும் கல்சுவரும் புதர்வேலியும் நெருக்கும். உங்களில் ஒருவரை ஒவ்வொரு நாளும் குடிக்காமல் இருக்க வைப்பதைவிட, வண்டியோடு உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். வழிகாட்டியும் அவரே ஆகிவிடுவார். எந்தப் பப்பில் எந்த இரவு பாட்டு என்பது அவருக்குத்தான் தெரியும்.

குடிக்காத ஒருவர் குழுவில் இருந்தால் அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எங்களோடு வந்த நண்பர் ஒருவர் ஒரு சொட்டும் தொடாதவர். ஆலை நுணுக்கங்களை எங்கள் எல்லோரையும்விட ஆழமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர் அவர்தான். பல வடிசாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவர்களுடைய பங்கைச் சிறு குப்பிகளில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் நடுவில் மேற்குக் கரையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்துக்கு ஆலையிலிருந்து வெளியே வந்து, நிதானமாகக் கடலோரம் நடந்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். டிசம்பரில் நாலேகாலுக்கே இருட்டத் தொடங்கிவிடும். மழை எல்லா மாதங்களிலும் உண்டு. குடை அங்கே பயன்படாது, மேற்குக் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டும் நனையாத காலணியும் எடுத்துச் செல்லுங்கள். மார்ச் 17, புனித பேட்ரிக் நாள். அந்த வாரத்தில் டப்ளினில் அறை கிடைப்பதும் அரிது, அமைதியும் அரிது. கிறிஸ்துமஸ் அன்று பப்கள் மூடியிருக்கும்.

3. விசா

ஒரே விசாவில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் போகவிடும் ஷெங்கன் வட்டத்தில் அயர்லாந்து இல்லை. கையில் ஷெங்கன் விசா இருப்பதால் உள்ளே போக முடியாது. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. எல்லையில் தடுப்போ சோதனைச் சாவடியோ கிடையாது. சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியது தெரியும். ஆனாலும் சட்டப்படி இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா ஏற்பாட்டின்கீழ் ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் போகலாம். விசா எந்த நாடு கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் வாங்குவதற்கு முன் அதிகாரப்பூர்வக் குடிவரவுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

4. ஒன்பது நாள் பயணம்

முதல் இரண்டு நாள், டப்ளின். வந்து இறங்கிய நாளில் ஆலை எதுவும் வேண்டாம். தூங்கி எழுந்து லிஃபி ஆற்றங்கரையில் நடங்கள்.

மறுநாள் காலை முதல் வேளையில் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் இருக்கும், கின்னஸ் என்ற கறுப்பு பீரின் ஸ்டோர்ஹவுஸ். 1759-இல் ஆர்தர் கின்னஸ் இந்த இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். அந்தப் பத்திரத்தின் நகலைத் தரைத்தளத்தில் கண்ணாடிக்கடியில் பதித்து வைத்திருக்கிறார்கள். உண்மையான காய்ச்சும் தொட்டிகளை இங்கே பார்க்க முடியாது, இது ஒரு பெரிய காட்சிக்கூடம்தான். கூட்டமும் மிகுதி. இருந்தாலும் போகச் சொல்வேன். ஏழாவது மாடியில் வட்டக் கண்ணாடி அறையிலிருந்து நகரம் முழுவதும், அதற்கப்பால் விக்லோ மலைகளும் தெரியும். ஆலைக்குத் தண்ணீர் அந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. புள்ளியியல் படித்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் டி-சோதனை என்ற புள்ளியியல் முறையை வெளியிட்ட வில்லியம் கோசெட் இந்த ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ ஆகியவற்றின் தரத்தைக் குறைந்த மாதிரிகளைக் கொண்டு எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வியிலிருந்து பிறந்த கணக்கு அது.

ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கோப்பையை 45 பாகை சாய்த்துப் பிடித்து முக்கால் அளவு நிரப்பி அப்படியே வைத்துவிடுகிறார்கள். உள்ளே பழுப்பு நிறப் புகை போல ஒன்று சுழல்கிறது. ஓரத்தில் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குகின்றன. கண் ஏமாற்றவில்லை. நடுவில் எழும்பும் குமிழிகள் திரவத்தை மேலே தள்ள, அது கண்ணாடி ஓரமாகத் திரும்பி வரும்போது சிறு குமிழிகளையும் இழுத்து வருகிறது. நைட்ரஜன் கலந்த வாயு என்பதால் குமிழிகள் மிகச் சிறியவை. கலங்கல் அடங்கிக் கறுப்பும் வெண்மையும் பிரிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். இதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் கை நீட்டுவது அங்கே அநாகரிகம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அது கறுப்பு அல்ல, அடர்ந்த செம்மை. வறுத்த பார்லி கொடுக்கும் நிறம்.

மாலையில் அருகிலுள்ள லிபர்டீஸ் பகுதிக்கு நடந்து போகலாம். ஒரு காலத்தில் வடிசாலைகள் நெருங்கி நின்ற பேட்டை அது. எல்லாம் மூடிப்போய்க் கிடந்த இடத்தில் 2015-இல் டீலிங் வடிசாலை திறக்கப்பட்டது. நூற்று இருபத்தைந்து ஆண்டுகளில் டப்ளினில் தொடங்கப்பட்ட முதல் புதிய வடிசாலை. அன்று உள்ளே போக வேண்டாம், வெளியே நின்று முளைகட்டிய பார்லி வேகும் மணத்தை மட்டும் இழுத்துக்கொண்டு வாருங்கள்.

மூன்றாம் நாள், கில்பெகன். இந்தப் பயணத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். டப்ளினிலிருந்து மேற்கே ஒன்றேகால் மணி நேரம். 1757-இல் தொடங்கிய வடிசாலை, ஊர் நடுவே ஓடும் பிரோஸ்னா ஆற்றின் மேல் நிற்கிறது. நீர்ச்சக்கரம் இன்னும் சுற்றுகிறது. உள்ளே மரப் பற்கள் பதித்த பெரிய சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வித் திருப்பும் ஓசை காலடிப் பலகை வழியாக உடம்புக்குள் ஏறுகிறது.

கட்டடத்தைவிட ஊர்க்காரர்களின் கதைதான் பெரியது. 1866-இல் ஆலையின் கொதிகலன் பழுதாகிவிட்டது. வேறொன்று வாங்க முதலாளியிடம் பணமில்லை. ஊர் மக்கள் சேர்ந்து பணம் திரட்டிப் புதுக் கொதிகலன் வாங்கிக் கொடுத்தார்கள். 1878-இல் தீப்பிடித்தபோது கிடங்கின் கதவுகளை உடைத்துப் பீப்பாய்களைத் தெருவில் உருட்டிக் காப்பாற்றினார்கள். 1950-களில் ஆலை நின்றுபோனது. பன்றித் தொழுவமாகக்கூட இருந்தது. ஆனாலும் உரிமம் காலாவதியாகிவிடக் கூடாது என்று ஆண்டுதோறும் அதற்கான கட்டணத்தை ஊர்க்காரர்கள் கட்டி வந்தார்கள். 1980-களில் அவர்களே கூரை போட்டு, துருவைச் சுரண்டி, காட்சிச்சாலையாக்கினார்கள். 2007-இல், தொடங்கிய 250-ஆவது ஆண்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செம்புக் கொப்பரை ஒன்றை ஏற்றி வைத்து மீண்டும் வடித்தார்கள். ஒரு தொழிற்சாலையை ஒரு ஊர் தன் வீட்டுப் பிள்ளை போலக் கவனித்துக்கொண்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அங்கிருந்து மேற்கே போகும் வழியில் ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்னாய்ஸ் மடம். ஆறாம் நூற்றாண்டில் தொடங்கியது. வட்டக் கோபுரங்களும் சிற்பங்கள் செதுக்கிய கற்சிலுவைகளும் ஆற்றை நோக்கி நிற்கின்றன. ஐரோப்பாவில் வடித்தல் கலையைப் பரப்பியதில் துறவிகளுக்குப் பங்கு உண்டு என்பதால் இந்த இடமும் பயணத்தின் பொருளுக்கு அந்நியமானதல்ல. இரவு கால்வேயில் தங்குங்கள்.

நான்காம் நாள் ஆலையே வேண்டாம். கால்வேயிலிருந்து தெற்கே பரன் பகுதி. மைல் கணக்கில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, அதன் வெடிப்புகளில் நீலப் பூக்கள். பிறகு மோஹர் செங்குத்துப் பாறைகள். உயரமான இடத்தில் 214 மீட்டர், நேர் கீழே அட்லாண்டிக். பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை பஸ்கள் குவியும். மாலை ஆறுக்குமேல் போனால் காற்றும் கடற்பறவைகளும் நீங்களும்தான். இரவு பக்கத்து டூலின் கிராமத்துப் பப்பில் இசை.

ஐந்தாம் நாள் கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்கு ஷானன் கழிமுகத்தை வண்டியோடு படகில் கடந்தால் இருபது நிமிடம். சுற்றிப் போகும் தூரம் மிச்சம். அடுத்த தங்குமிடமான டிங்கிள் என்ற கடலோர ஊருக்குப் போக அழகான கானர் கணவாய் இருக்கிறது, ஆனால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. உங்கள் வேன் அன்னஸ்கால் வழியாகத்தான் போகும். அதனால் நட்டமில்லை. அந்த ஊரில் 'சவுத் போல் இன்' என்ற பப் இருக்கிறது. ஸ்காட், ஷாக்கிள்டன் என்ற ஆய்வுப் பயணிகளோடு மூன்று முறை அண்டார்டிகா போய்த் திரும்பிய டாம் கிரீன், ஓய்வுபெற்றபின் சொந்த ஊரில் நடத்திய பப் அது.

ஆறாம் நாள், டிங்கிள். காலையில் ஸ்லே ஹெட் சாலை. கடிகாரச் சுற்றில்தான் போக வேண்டும், பெரிய பஸ்கள் எல்லாம் அப்படித்தான் போகின்றன. எதிர்த்து வந்தால் பாறைக்கும் கடலுக்கும் நடுவே பின்னோக்கி ஓட்ட வேண்டிவரும். சாலையின் முனையில் பிளாஸ்கெட் தீவுகள் தெரியும். அவற்றில் பெரிய தீவிலிருந்து 1953-இல் கடைசிக் குடிமக்களும் வெளியேறிவிட்டார்கள். கூரையற்ற வீடுகள் கரையிலிருந்தே கண்ணுக்குப் படுகின்றன. பிற்பகல் 2012-இல் தொடங்கிய டிங்கிள் வடிசாலை. சிறியது. கேள்வி கேட்டால் வேலை செய்கிறவரே பதில் சொல்கிற அளவு சிறியது. மாலையில் ஊருக்குள் ஃபாக்ஸி ஜான்ஸ் பப்புக்குப் போங்கள். ஒரு பக்கம் ஆணி, சுத்தியல், பெயிண்ட் விற்கும் இரும்புக் கடை, மறுபக்கம் மது பரிமாறும் மேசை. டிக் மேக்ஸ் பப்பில் ஒரு பாதி பழைய தோல்வேலைக் கடை.

ஏழாம் நாள் கில்லார்னி தேசியப் பூங்கா வழியாக, லேடீஸ் வியூவில் நின்று ஏரிகளைப் பார்த்துவிட்டு, கார்க் நகரம். அங்கே கின்னஸ் கேட்காதீர்கள். மர்ஃபீஸ், பீமிஷ் இரண்டும் அந்த ஊரின் கறுப்பு பீர்கள். கார்க்காரர்களுக்கு அது மானப் பிரச்சினை.

எட்டாம் நாள், மிடில்டன். பழைய ஆலையின் நடுவே உலகிலேயே மிகப் பெரிய செம்புக் கொப்பரை நிற்கிறது, 31,618 காலன் கொள்ளளவு. அதன் கழுத்தைப் பார்க்கத் தலையை முழுவதும் அண்ணாக்க வேண்டும். 1975 முதல் வடிப்பது பக்கத்திலுள்ள புதிய ஆலையில். ஜேம்சன், பவர்ஸ், ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் எல்லாம் இங்கிருந்து வருபவை.

இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது 'சிங்கிள் பாட் ஸ்டில்' என்ற வகையைப் பற்றி. முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்துச் செம்புக் கொப்பரையில் வடிப்பது. இரண்டும் குறைந்தது 30 சதவீதமாவது இருக்க வேண்டும். 1785-இல் முளைகட்டிய பார்லிக்கு வரி போட்டார்கள். வரியைக் குறைக்க ஐரிஷ்காரர்கள் பச்சைப் பார்லியைக் கலந்தார்கள். அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்த காரமும் வழவழப்பும்தான் இன்று அயர்லாந்துக்கே உரிய சுவையாக நிற்கிறது.

வீழ்ச்சியின் கதையையும் கேளுங்கள். டப்ளினில் முன்பு கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி, நிறுத்தாமல் தொடர்ந்து வடிக்கும் கோபுரம் ஒன்றுக்கு 1830-இல் காப்புரிமை பெற்றார். ஐரிஷ் முதலாளிகள் அதை ஒதுக்கினார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு, பிரிட்டனோடு வணிகப் போர். ஒரு கட்டத்தில் தீவு முழுவதிலும் மிடில்டன், புஷ்மில்ஸ் என்ற இரண்டே வடிசாலைகள்தான் மிஞ்சின. இன்று நாற்பதுக்கு மேல். எல்லாம் நிலைத்துவிடவில்லை. 2024 இறுதியில் வாட்டர்ஃபோர்டு வடிசாலை கடனில் மூழ்கியது. சிறிய ஆலைகளுக்குப் போவதானால் திறந்திருக்கிறதா என்று புறப்படுவதற்கு முந்தைய வாரம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒன்பதாம் நாள் ராக் ஆஃப் கேஷல் கோட்டையைப் பார்த்துவிட்டு, கில்கென்னியில் ஸ்மித்விக்ஸ் என்ற செம்பழுப்பு ஏல் வகை பீர். உள்ளூரில் 'ஸ்மிதிக்ஸ்' என்றுதான் உச்சரிப்பார்கள். மாலை டப்ளின்.

இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் வடக்கே புஷ்மில்ஸ். புட்டியில் 1608 என்று போட்டிருக்கும். அந்தப் பகுதியில் வடிக்க அரசர் உரிமம் கொடுத்த ஆண்டு அது, நிறுவனம் பதிவானது 1784-இல். ஆலையிலிருந்து சில நிமிடத்தில் ஜயன்ட்ஸ் காஸ்வே, அறுகோண வடிவில் ஏறக்குறைய 40,000 எரிமலைப் பாறைத் தூண்கள். அங்கே யூரோ செல்லாது, பவுண்டு வேண்டும்.

5. எப்படிச் சுவைப்பது

பட்டினியாகப் போகாதீர்கள். சோடா ரொட்டியும் வெண்ணெயும் நல்ல அடித்தளம். சைவர்கள் காய்கறி சூப் கேட்கும்போது அது எந்தச் சாற்றில் செய்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கோழிச் சாறாக இருக்கும்.

வாய் குறுகிய கோப்பையில் ஊற்றுவார்கள். முதலில் நிறம். ஆனால் நிறத்தை நம்ப வேண்டாம், கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. பிறகு மூக்கு. வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு மோந்தால் சாராய நெடி தாக்காது. முதல் மிடறு நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவது மிடற்றில்தான் சுவை தெரியும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். மூடிக் கிடந்த பழவாசனை எழும்பும். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்தது வெனிலா, தேங்காய்ப்பால் பக்கம் போகும். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்ததில் உலர்திராட்சையும் கிராம்பும் வரும். மூன்று ஆண்டுகளாவது மரப்பீப்பாயில், அயர்லாந்துத் தீவிலேயே கிடக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் காற்றோடு போய்விடுகிறது. அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். கிடங்குக் கதவைத் திறந்ததும் வரும் இனித்த நெடி அதுதான்.

எல்லாவற்றையும் விழுங்க வேண்டிய அவசியமில்லை. துப்புவதற்குக் கிண்ணம் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

6. பப்பில்

பணம் கொடுப்பது சுற்று முறையில். ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். ஏழு பேர் இருந்தால் ஏழு சுற்றாகிவிடும். பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். ஆகவே மூன்று பேர், நான்கு பேர் என்று பிரிந்து சுற்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பொதுப் பணப்பை ஒன்று போட்டு, போதும் என்கிறவரை விட்டுவிடுங்கள். கோப்பையைத் தூக்கும்போது 'ஸ்லான்ச்சே' என்பார்கள், 'நலம்' என்று பொருள்.

இசைக்கலைஞர்கள் மூலையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஃபிடிலும் தகரக் குழலும் போரான் பறையும் வாசிப்பார்கள். அது கச்சேரி அல்ல, அவர்களுக்குள் நடக்கும் கூடல். அந்த நாற்காலிகள் காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது. யாராவது தனிக்குரலில் பழைய பாட்டைத் தொடங்கினால் பப் முழுவதும் அடங்கிவிடும். அப்போது கோப்பையைக்கூட ஓசையில்லாமல் வையுங்கள்.

7. புட்டிகளைக் கொண்டுவருவது

அயர்லாந்தில் மதுவுக்கு வரி அதிகம். எங்கும் கிடைக்கும் வகைகளை அங்கே வாங்குவதில் பயனில்லை, வடிசாலையில் மட்டும் விற்கும் புட்டியை வாங்குங்கள். கடைகளில் காலை பத்தரைக்கு முன்பும் இரவு பத்துக்குப் பின்பும் விற்பனை கிடையாது. ஞாயிறன்று பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும். இந்தியாவுக்கு வரியின்றி ஒருவர் 2 லிட்டர் கொண்டுவரலாம். 70 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ளதை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பெட்டிக்கு நடுவில், கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் புட்டியை நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஒயின் போலப் படுக்க வைத்தால் சாராயம் தக்கையை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்ட புட்டியைச் சில மாதங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது, உள்ளே புகுந்த காற்று மணத்தைத் தின்றுவிடும்.